ஒலெக்சியிவ்கா வாத்தியார் வீடு

நாள் 1: மே 14, 2019, செவ்வாய். கார்கிவ்

கார்பேத்திய மலைக்குப் போவதாகத்தான் திட்டம். தம்பி இங்கே, உக்ரைனின் கார்கிவில், மருத்துவம் நாலாவது வருஷம் படிக்கிறான். எனக்குக் கோடை விடுமுறை. மலை, அருவி, நாலு போட்டோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு, மேலூரிலிருந்து புளியோதரைப் பொடியும் குட்டிக் குக்கருமாக வந்து இறங்கினேன். அந்தத் திட்டத்தைக் கெடுத்தவர் அவன் குடியிருக்கும் வீட்டுப் பாட்டி.

பாட்டிக்கு எண்பது வயது. பொல்தாவா பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, மகனுக்காக நகரத்துக்கு வந்தவர். அவருடைய அம்மாவும் கிராமத்து வாத்தியார்தான். நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்று தம்பி சொன்னதுதான் தாமதம், அடுப்பில் கொதிக்கும் போர்ஷை, அதாவது பீட்ரூட் சூப்பை, அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போனார். நாலு தடித்த புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் இறக்கினார். உக்ரைனிய மொழி அகராதி. ஏறக்குறைய 68,000 சொற்கள். 1907 முதல் 1909 வரை கீவில் அச்சானது. பாட்டியிடம் இருப்பது 1958-59இல் வந்த மறுபதிப்பு. அவர் அம்மா வாங்கியது.

"தொகுத்தவர் போரிஸ் ஹ்ரின்சென்கோ. எங்களை மாதிரி கிராமத்து வாத்தியார்" என்றார்.

முதல் தொகுதியைத் திறந்து ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தார். இவர்கள் மொழியில் 'ஹ' ஒலிக்கு ஓர் எழுத்து. அதே எழுத்தின் தலையில் சின்னதாய் ஒரு கொம்பு முளைத்தால், 'தங்கம்' என்று சொல்லும்போது வருகிறதே, அந்தக் க. ஸ்டாலின் ஆட்சியில், 1933இல், எழுத்துச் சீர்திருத்தம் என்று சொல்லி இந்தக் கொம்பு எழுத்தை நெடுங்கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 1990இல்தான் திரும்ப வந்தது. பாட்டி படித்த காலத்தில் அது இல்லை; பாடம் நடத்திய காலத்திலும் பெரும்பாலும் இல்லை. ஆனால் மறுபதிப்புக்குப் பழைய பக்கங்களைப் படமெடுத்து அப்படியே அச்சடித்ததால், இந்தப் புத்தகத்துக்குள் மட்டும் அது தப்பிப் பிழைத்துக் கிடந்திருக்கிறது. "நான் புதுசாக வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா காட்டினாள். இப்படி ஓர் எழுத்து இருந்தது என்பதே அன்றைக்குத்தான் தெரியும்."

கொம்பு எழுத்தில் தொடங்கும் சொற்களில் ஒன்று 'காவா'. அதாவது காகம். வகுப்பில் ஒரு பையன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தால் 'காகம் பிடிக்கிறான்' என்பார்களாம். எங்கள் ஊரில் காக்கா பிடிப்பது வேறு தொழில் என்று தம்பி விளக்க, பாட்டி சிரித்த சிரிப்பில் போர்ஷ் பொங்கி அடுப்பெல்லாம் சிவப்பு.

அப்புறம் அந்த வாத்தியார் குடும்பத்தின் கதையைச் சொன்னார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மலைக்குப் போட்டிருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்தோம். படுக்கப் போகும் முன் கேட்டேன், ஹ்ரின்சென்கோ வழியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று. மகள் வழியிலும் யாரும் இல்லை, வம்சம் அதோடு சரி என்று தம்பி மொழிபெயர்த்தான். பாட்டி அவனை முறைத்தார். "நாங்களெல்லாம் யாராம்?"


நாள் 2: மே 15, புதன். திஷ்கி, திரும்பவும் கார்கிவ்

காலையில் மர்ஷ்ருட்கா. நம் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன், பஸ்ஸுக்குத் தம்பி. பின்சீட்டில் உட்கார்ந்தவர் காசை முன்னால் இருப்பவர் தோளில் தட்டிக் கொடுக்கிறார். அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போகிறது. மீதிச் சில்லறையும் அதே வழியில் ஒரு காசு குறையாமல் திரும்பி வருகிறது.

கார்கிவுக்கு வடக்கே அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். ஒன்று செர்காஸ்கி திஷ்கி, இன்னொன்று ரூஸ்கி திஷ்கி. செர்காஸி என்பது அந்தக் காலத்தில் மாஸ்கோக்காரர்கள் உக்ரைனியக் கொசாக்குப் போர்வீரர்களுக்கு வைத்த பெயர். ரூஸ்கி என்றால் ரஷ்யர்கள். இவர்கள் குடியேறிய திஷ்கி, அவர்கள் குடியேறிய திஷ்கி. யாரும் திட்டமிட்டு வைத்தது மாதிரி, ஹ்ரின்சென்கோ பிறந்த 'வில்ஹோவி யார்' என்ற குடியிருப்பு இந்த ரூஸ்கி திஷ்கி பக்கம்தான். பிறந்த ஆண்டு 1863, டிசம்பர். அதே ஆண்டு ஜூலையில்தான் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலுயேவ் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். உக்ரைனிய மொழி என்று தனியாக ஒன்று இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்பது அதில் பிரபலமான வரி. இல்லாத மொழிக்கு அகராதி போடப் பிறந்த பிள்ளை.

அவர் வீட்டிலேயே அந்த மொழி கிடையாது என்பதுதான் வேடிக்கை. அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நொடித்துப்போன சின்னப் பண்ணைக்காரர். குடியானவர்களிடம் உக்ரைனியம் பேசுவார், பெற்ற பிள்ளைகளிடம் ரஷ்யன்தான். அம்மா ரஷ்யக் கர்னல் ஒருவரின் மகள். பையன் மொழியைப் பிடித்தது வேலைக்காரர்களிடமும் தெருப் பிள்ளைகளிடமும்தான். பதின்மூன்று வயதில் அப்பாவின் பெட்டியைக் குடைந்தபோது உக்ரைனின் பெருங்கவி ஷெவ்செங்கோவின் கவிதைப் புத்தகம் கையில் மாட்டியது. அதற்குப் பிறகு அவர் ஆளே வேறு.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. புல்வெளி, தகர வேலி, வேலிக்கு வெளியே தலை நீட்டும் இளம்ஊதா லைலாக் கொத்துகள், சைக்கிளில் உருளைக்கிழங்கு மூட்டை கொண்டுபோகும் ஒரு பெரியவர். 'வில்ஹா' என்பது ஒரு மரம், 'யார்' என்றால் மண் அரித்த பள்ளம். பள்ளத்தைப் பார்த்தோம். மரத்தை அடையாளம் சொல்ல எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

திரும்பி வரும்போது வண்டி ரேடியோவில் செய்தி. பதவி முடியப்போகும் அதிபர் பொரோஷென்கோ இன்றைக்கு மொழிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அரசு அலுவலகம், பள்ளிக்கூடம் எங்கும் உக்ரைனியம் கட்டாயம். டிரைவர் ரஷ்யனில் என்னவோ முணுமுணுத்தார். நடுசீட்டு அம்மா உக்ரைனியத்தில் பதில் கொடுத்தார். கார்கிவ் பெரும்பாலும் ரஷ்யன் பேசும் ஊர். ஒருவருக்கொருவர் குரல் ஏறியது. அந்த நேரத்திலும் பின்னாலிருந்து வந்த பத்து ரூபாய்த்தாள் (ஹ்ரிவ்னாதான், வாய் தவறி வருகிறது) அதே அம்மா கை வழியாகத்தான் டிரைவருக்குப் போனது.

மாலையில் பாட்டி வீட்டுச் சமையலறை. இந்தப் பயணத்தில் நான் போக ஆசைப்பட்ட ஒலெக்சியிவ்காவுக்கு மேசையிலிருந்த வரைபடத்தில்தான் போக முடிந்தது.

நடந்தது இதுதான். 1879 டிசம்பரில், பதினாறு வயதில், தடை செய்யப்பட்ட புத்தகங்களுக்காக ஹ்ரின்சென்கோவைப் பள்ளியிலிருந்து பிடித்துக் கார்கிவ் சிறையில் போட்டார்கள். காசநோய் அங்கே ஒட்டிக்கொண்டது. படிப்பு போயிற்று, பல்கலைக்கழகக் கதவும் சாத்தியாயிற்று. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதி, 1881இலிருந்து கிராமம் கிராமமாக வேலை. ஸ்மியிவ் என்ற ஊரில் ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி வகுப்பு. அங்கே மரியா ஹ்லாதிலினா என்ற இளம் ஆசிரியையைச் சந்தித்தார். 1884இல் கல்யாணம். அதே வருஷம் மகள் நாஸ்த்யா. பயிற்சி வகுப்புக்குப் போய்க் கல்யாணம் முடித்து வந்த டீச்சர்களை எனக்கும் தெரியும். உலகம் முழுக்க இது ஒன்றுபோல்தான் போலிருக்கிறது.

1887இல் மூவரும் ஒலெக்சியிவ்காவுக்குப் போனார்கள். நிலக்கரிச் சீமையில், இன்றைய லுஹான்ஸ்க் பகுதியில் ஒரு கிராமம். அங்கே பள்ளிக்கூடம் நடத்தியவர் கார்கிவின் கிறிஸ்தினா அல்செவ்ஸ்கா. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர். கணவர் பெரிய வங்கி முதலாளி. ஆறு வருஷம் வாத்தியார் குடும்பம் அங்கே இருந்தது.

அப்போது சட்டம் என்னவென்றால், 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் ஜெர்மனியில் எம்ஸ் என்ற ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போன இடத்தில் போட்ட கையெழுத்து. பள்ளியில் உக்ரைனியம் கூடாது. அந்த மொழியில் பாடநூல் அச்சிடக் கூடாது. கதை, கவிதை தணிக்கைக்குத் தப்பி வந்தால்கூட ரஷ்ய எழுத்துமுறையில்தான் அச்சிட வேண்டும்.

சரி, மகளுக்கு ஐந்து வயதாகிறது. எழுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். புத்தகம் இல்லை. வாத்தியார் என்ன செய்தார்? நோட்டை எடுத்து அவரே எழுதினார். முதலில் எழுத்துகளைச் சொல்லித்தரும் புத்தகம். அப்புறம் அதை முடித்த பிள்ளை வாசிக்கக் கதையும் பாட்டும் விடுகதையுமாக ஒரு வாசிப்பு நூல். மனைவியும் கூட உட்கார்ந்தார். அதை வைத்து நாஸ்த்யா படித்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் ரகசியமாக அதே பாடம். மேலதிகாரி வந்தால் ரஷ்யன், போனபின் உக்ரைனியம். பிள்ளைகளே எழுதிய கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் நடந்தது. 'எண்ணங்கள்' என்று பெயர்.

நான் வருஷா வருஷம் ஜூன் மாதம் இலவசப் பாடநூல் கட்டைப் பிரித்து எண்ணிக் கொடுத்துவிட்டு, ஐந்து புத்தகம் குறைகிறது என்று கோபத்தோடு கடிதம் எழுதுகிற ஆள். ஒரு பிள்ளைக்காக ஒரு முழுப் பாடநூலைக் கையால் எழுதுவது என்றால் என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். 'அ'வுக்கு அணில் போடலாமா, அம்மா போடலாமா என்பதிலிருந்து எல்லாமே நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை கொட்டாவி விட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதுதான்.

பாட்டிக்கு அவருடைய கதைகளில் பிடித்தது, வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் ரொட்டியைத் திருடிய ஒரு சிறுமியைப் பற்றியது. "பசி. வேறொன்றும் இல்லை. திருடிய பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்கும்போது வாத்தியார் என்ன செய்ய வேண்டும் என்று அதிலேதான் படித்தேன்" என்றார். பிறகு, கேட்காமலேயே, அம்மா 1933 பஞ்சத்தின்போதும் வாத்தியார்தான் என்றும், அந்த வருஷத்து வருகைப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்றும் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

1893இல் அல்செவ்ஸ்காவோடு மனஸ்தாபம். மொழிதான் காரணம்; அவருடைய பள்ளிகள் ரஷ்யனில் நடந்தவை. ஹ்ரின்சென்கோ விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பாட்டி வாத்தியார் கட்சி. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அந்த அம்மாள் சொந்தப் பணத்தில் பள்ளி திறக்காவிட்டால் இவருக்கு நோட்டை விரிக்க இடமே இருந்திருக்காது. உக்ரைனில் ஷெவ்செங்கோவுக்கு முதல் சிலையைத் தங்கள் வீட்டுத் தோட்டத்தில், 1899இல், நிறுத்தியதும் அல்செவ்ஸ்கி குடும்பம்தான். "இரண்டு பேரும் நல்லவர்கள், அதனால்தான் சண்டை" என்று தம்பி தீர்ப்பு சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டான்.

ஒலெக்சியிவ்கா 2014இலிருந்து போர்முனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். முன்பு ஒரு பகல் பயணம் என்கிறார் பாட்டி. வரைபடத்தில் அவர் விரல் கார்கிவிலிருந்து கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது. நகத்தில் பீட்ரூட் கறை.


நாள் 3: மே 16, வியாழன். ரயிலில்

கீவுக்கு இன்டர்சிட்டி. ஐந்து மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறான். புளியோதரை டப்பாவைத் திறந்ததும் பெட்டி முழுக்கப் பெருங்காயம். எதிர்சீட்டுப் பையன் மூக்கைச் சுருக்கினான். ஒரு வாய் கொடுத்தோம். அப்புறம் டப்பாவே அவனிடம்தான்.

இன்றைக்கு மே மாதத்து மூன்றாவது வியாழன், பூவேலைச் சட்டை நாள். டிக்கெட் பார்க்கிறவர், காபி விற்கும் பெண், அலுவலகம் போகிறவர்கள் என்று ஏராளமானோர் கழுத்திலும் கையிலும் சிவப்பு, கறுப்பு நூல் வேலை செய்த சட்டையில். பொங்கலன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் வேட்டியில் வந்து நிற்பது மாதிரி ஒரு கூச்சமும் சந்தோஷமும் அவர்கள் முகத்தில்.

வேறொன்றும் எழுத இல்லை. தூங்கிவிட்டேன்.


நாள் 4: மே 17, வெள்ளி. செர்னிஹிவ்

கீவிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். தேஸ்னா ஆறு, மேட்டில் வரிசையாகப் பழைய பீரங்கிகள், பதினோராம் நூற்றாண்டுத் தேவாலயம். அழகான, அவசரமில்லாத ஊர். மதியம் உருளைக்கிழங்கு அடைத்த வரேனிகி. கொழுக்கட்டைக்குள் மசாலா இல்லாத கிழங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹ்ரின்சென்கோ குடும்பம் 1894இல் இங்கே வந்தது. பகலில் ஜெம்ஸ்த்வோ என்ற உள்ளாட்சி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, மற்ற நேரத்தில் கிராமத்தாருக்கு மலிவு விலைச் சின்னப் புத்தகங்கள். ஐம்பது வரை கொண்டுவந்தார்கள். இடி மின்னல் எப்படி வருகிறது, சஹாரா பாலைவனம், ஜோன் ஆஃப் ஆர்க் என்று தலைப்புகளைப் பார்த்தாலே தெரிகிறது, பள்ளியை விட்டாலும் வாத்தியார் வாத்தியார்தான். ஒவ்வொரு சின்னப் புத்தகமும் தணிக்கைக்குப் போய்க் காத்துக் கிடந்து, வெட்டுப்பட்டுத் திரும்ப வரும்.

மரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஸஹிர்ன்யா' என்ற புனைபெயரில் எழுதியவர். இப்சன், ஆண்டர்சன் என்று மொழிபெயர்த்தவர். தர்னோவ்ஸ்கி என்ற செல்வந்தர் கொசாக் வாள்கள், ஷெவ்செங்கோவின் கையெழுத்துகள், ஓவியங்கள் என்று சேர்த்ததை எல்லாம் இந்த ஊருக்கு எழுதிவைத்தார். அந்தக் குவியலைப் பிரித்து அடுக்கி அருங்காட்சியகமாக்கும் வேலையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே இருந்தார்கள். பட்டியல் நூலில் பெயர் கணவருடையது. எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் எரிச்சல் வரும், வந்தது.


நாள் 5: மே 18, சனி. கீவ்

1902இல் 'கீவின் பழமை' என்ற பத்திரிகைக்காரர்கள் ஹ்ரின்சென்கோவைக் கீவுக்கு வரவழைத்தார்கள். பல பேர் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த சொற்குவியல் அவர்களிடம் இருந்தது. தொகுக்க ஆள் இல்லை. இவர் எடுத்துப் பார்த்து, தான் கிராமங்களில் சேர்த்ததையும் கலந்து, 1904 முடிவதற்குள் முடித்துக் கொடுத்தார். இந்த வேலையிலும் மரியா பக்கத்தில் இருந்தார். கல்லூரி வாசலை மிதிக்காத ஆள் தொகுத்த அகராதிக்கு ரஷ்ய அறிவியல் அகாடமியே 1906இல் பரிசு கொடுத்தது.

1905 புரட்சிக்குப் பிறகு தடை தளர்ந்தது. ஒலெக்சியிவ்காவில் மகளுக்காகக் கையால் எழுதிய எழுத்துப் புத்தகம் 1907இல் ஒருவழியாக அச்சில் வந்தது. வாசிக்க வேண்டிய பிள்ளைக்கு அப்போது இருபதைத் தாண்டிவிட்டது. நாஸ்த்யா லிவிவில் பல்கலைக்கழகம் போய்ப் படித்தாள், எழுதினாள், மொழிபெயர்த்தாள். அப்பாவைவிட ஒரு படி மேலே போய்ப் புரட்சியில் இறங்கினாள், சிறை. அப்பாவுக்குச் சிறையில் கிடைத்த அதே காசநோய் மகளுக்கும். அகராதி அச்சில் இருந்தபோதே, 1908 அக்டோபரில் இறந்தாள். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனாள். சில மாதங்களில் குழந்தையும் போயிற்று.

நான்காம் தொகுதி 1909இல் வந்தது. அடுத்த வருஷம் மே 6ஆம் தேதி, உடம்பு தேற்றப் போன இத்தாலியில், ஓஸ்பெடலெத்தி என்ற கடற்கரை ஊரில் ஹ்ரின்சென்கோ இறந்தார். வயது 46. உடலைக் கீவுக்குக் கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கானோர் பின்னால் நடந்தார்கள். மரியா அதற்குப் பின் பதினெட்டு வருஷம் இருந்தார். வீட்டு நூலகத்தையும் காகிதங்களையும் உக்ரைனிய அகாடமிக்கு எழுதிவைத்துவிட்டு, 1928இல் போனார்.

இங்கே ஹ்ரின்சென்கோ பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் முன்னால் சிலை; தனியாளாக இல்லை, போரிஸும் மரியாவும் சேர்ந்து. நேற்றைய எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

பிற்பகல் பைகோவே இடுகாடு. கீவில் செஸ்நட் மரமெல்லாம் வெள்ளைக் கோபுரம் கோபுரமாகப் பூத்திருக்கிறது. வாசலில் பூக்காரம்மாவிடம் டுலிப் மூன்று கேட்டேன். அப்பா, அம்மா, மகள், கணக்கு சரி.

பூக்காரம்மா கை ஓங்காத குறை. "யாருக்கு? இறந்தவர்களுக்கா? மூன்று தர முடியாது." ஒற்றைப்படை உயிரோடு இருப்பவர்களுக்காம், இரட்டைப்படைதான் கல்லறைக்காம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. 501 மொய் எழுதுகிற ஊரிலிருந்து வருகிறவளுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? அவரே வாளியிலிருந்து இன்னொன்றை உருவி, தண்ணீரை உதறி, கொத்தோடு சேர்த்துக் கட்டினார்.

மேட்டில் ஏறி, கவிஞர் லெஸ்யா உக்ரைன்காவின் கல்லறைக்கு நிறைய பேர் போகிற பாதையில் போய், இரண்டு தடவை வழி தவறி, ஒரு காவலாளியைக் கேட்டுக் கண்டுபிடித்தோம். மேப்பிள் நிழல். ஈஸ்டருக்குப் பிறகு யாரோ வைத்துவிட்டுப் போன கண்ணாடிக் கூண்டு மெழுகுவத்தி ஒன்று அணைந்து கிடந்தது. மண்ணில் காய்ந்த இலைகள். தம்பி கையாலேயே கூட்டி ஒதுக்கினான். ஒவ்வொன்றாகப் பூவை வைத்தான். நான்காவதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, நாஸ்த்யாவினுடைய பூவுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல வைத்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாட்டிக்கு வீடியோ கால் போட்டோம். திரையில் முதலில் சமையலறைக் கூரை, அப்புறம் அவர் காது, கடைசியில் முகம். போனைக் கல்லறைப் பக்கம் திருப்பிக் காட்டினோம். நாங்கள் இருவரும் பேசாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்போல.

"பூவுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா" என்று கேட்டார் பாட்டி, "இல்லை, அங்கே போயும் காகம் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறீர்களா?"